உப்புக் கச்சேரியில் மூன்றாவது கூப்பாடு

நடராசனின் தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். வெள்ளைச் சட்டை, தோளிலிருந்து குறுக்கே இறங்கும் சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. கோர்ட்டு வாசலில் நின்று கட்சிக்காரன் பெயரை மூன்று தரம் கூப்பிடுவதுதான் உத்தியோகம். அவர் கூப்பிட்டால் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸில் ஆடை தானாக விலகும். வேப்பமரத்துக் காக்கைகள் நம்மைத்தானோ என்று எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் உட்காரும். நான்கு வருஷமாகத் தலைமறைவாக இருந்த ஒருத்தன், பாண்டி எல்லைச் சாராயக் கடையில் உட்கார்ந்திருந்தவன், முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு இப்பால் இவர் போட்ட கூப்பாட்டுக்கு அங்கேயே எழுந்து நின்று “ஆஜர்” என்று கையைத் தூக்கினான். பக்கத்து மேஜையில் போலீஸ்காரர் இருந்தது அவன் கெட்ட நேரம்.

அப்படிப்பட்ட தொண்டை ரிட்டயராகி நான்கு வருஷமாகக் கீரைக்காரியை நிறுத்த மட்டும் பயன்பட்டுக்கொண்டிருந்தது. மனைவி ஆண்டாளைக் கூப்பிட அது தேவைப்பட்டதே இல்லை. அவளை அவர் “இந்தா” என்பார். கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் ஒரு தடவை கூட வாயைத் திறந்து பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவளும் அவர் பெயரைச் சொன்னவள் இல்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால், “சிதம்பரத்துல ஒத்தக் காலத் தூக்கிக்கினு நிக்கிறாரே, அவரு பேருதாம்மா” என்பாள். புதிதாக வந்த பில் போடும் பெண் யோசித்துப் பார்த்து, “கொக்காங்க?” என்று கேட்டதுண்டு.

இந்த இரண்டு பேரும் ஒரு சித்திரை மாசத்து வெயிலில் மரக்காணத்து உப்புக் கச்சேரியைப் பார்க்கப் போனார்கள்.

உப்பளத்தின் விளிம்பில் வெள்ளைக்காரன் கட்டிய செங்கல் கோர்ட்டு அது. உப்பு சர்க்கார் சொத்தாக இருந்த காலத்தில், சேற்றில் தானாகப் பூத்த உப்பை வழித்துக்கொண்டு போன ஏழைகளை நிறுத்தி விசாரித்த இடம். பக்கத்திலேயே, கூரை போட்ட ஒரு நடைபாதை தூரத்தில், மாஜிஸ்திரேட்டு துரை குடியிருந்த பங்களா. நூறு வருஷம் வௌவால் குடித்தனம் நடத்திய இரண்டையும் இப்போது சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் குழைத்துப் பூசி, தேக்கு ஜன்னல்களுக்குப் பாலிஷ் போட்டு, பொங்கலன்று மியூசியமாகத் திறந்திருந்தார்கள். அறுபது வயதுக்கு மேல் டிக்கெட் இல்லை. நடராசன் போக முடிவு செய்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், கோர்ட்டு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

வாசலில் இருந்த காவல்காரர் நூர் முஹம்மது. கோட்டக்குப்பத்துக்காரர். சார்ஜாவில் ஒரு மாலில் இருபத்திரண்டு வருஷம் செக்யூரிட்டியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். இன்னும் அதே நீலச் சட்டை, அதே மிடுக்கு.

“வாங்க சார், வாங்கம்மா. மொதல்ல பங்களா, அப்புறம் கோர்ட்டு. கயிறு கட்டினதுக்கு அந்தாண்ட போவாதீங்க. எதையும் தொடாதீங்க.”

“ஏம் பாய், தொட்டா இன்னா ஆவும்?” என்றார் நடராசன்.

“எனக்கு மெமோ வரும் சார்.”

பங்களாவைச் சுற்றிக் காட்டினார். பன்னிரண்டு பேருக்குத் தட்டு வைத்த மேஜை, சுவரில் நாற்பது மான்கொம்பு, நடு அறையில் சிங்கக் கால் வைத்த இரும்புக் குளியல் தொட்டி. ஆண்டாள் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

“இவ்ளோ பெருசு இன்னாத்துக்கு? துரை எருமைங்களோட குளிச்சாரா?”

“ஒரே ஆளுதான்மா. ஆனா தண்ணிய நாலு பேரு தூக்கினு வரணும்.”

படுக்கையறையில் கொசுவலை போட்ட கட்டில். வெள்ளை உறை போட்ட தலையணை. அதன் நடுவில், ஒரு தலை அழுந்திய அளவுக்கு வட்டமாக, பொடிப் பொடியாய் உப்புப் பூத்திருந்தது.

“உப்புக் காத்து” என்றார் நடராசன், எல்லாம் தெரிந்தவர் போல. “பழைய செவுருன்னா பூக்கத்தான் செய்யும்.”

“செவுத்துல பூக்கலியே சார்” என்றார் நூர் முஹம்மது. “நானும் மூணு மாசமா பாக்கறேன். தெனம் காலைல தொடைக்கிறேன். பன்னெண்டு மணி ஆனா இங்க மட்டும் பூக்குது. துரை மத்தியானத்துல ஒரு தூக்கம் போட்டு எழுந்து கோர்ட்டுக்குப் போவாராம். எழுதி மாட்டியிருக்காங்க பாருங்க.” சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நான் லுஹர் தொழுதுட்டு வந்துடறேன். நீங்க கோர்ட்டப் பாத்துக்கினு இருங்க. ஆளு யாரும் இல்ல, இந்த வெயில்ல ஈ கூட வராது.”

அவர் போனதும், வெளியே மைல் கணக்கில் பாத்தி பாத்தியாக விரிந்து கிடந்த உப்பளம் சத்தம் போடாமல் எரிந்துகொண்டிருந்தது. அம்பாரம் அம்பாரமாகக் குவித்த உப்பு. அந்த வெளிச்சத்தில் நிழல் என்ற சாமானே ஊரில் கிடையாது. ஆண்டாள் தலைக்கு முந்தானையைப் போட்டுக்கொண்டாள். நடைபாதையைத் தாண்டி இருவரும் கோர்ட்டுக்குள் போனார்கள்.

உள்ளே ஜில்லென்று இருந்தது. ஏசி கிடையாது. இருந்தாலும் பாதாள அறை போல ஒரு குளிர்ச்சி. உயரத்தில் துரையின் நாற்காலி, பச்சை மெத்தை போட்டது. அதற்குக் கீழே கிளார்க்கு மேஜை, அதன் மேல் தடித்த ஒரு ரிஜிஸ்தர். வலது பக்கம் இடுப்புயரக் கட்டையடைப்போடு குற்றவாளிக் கூண்டு. கூரை மோட்டிலிருந்து ஒரு நீளமான விசிறித் துணி, பங்கா, தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுக்கும் கயிறு சுவர் ஓட்டை வழியாக வெளியே போயிருந்தது. வரிசையாகப் பெஞ்சுகள்.

வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டர் பொம்மை. அதைப் பார்த்ததும் நடராசனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. டவாலி பொம்மை அது. வெள்ளைச் சட்டை சரி, தலைப்பாகை சரி. சிவப்புப் பட்டையை மட்டும் வலது தோளில் மாட்டி இடது இடுப்புக்கு இறக்கியிருந்தார்கள்.

“அடப் பாவிங்களா! கோடி ரூவாய் செலவு பண்ணி டவாலிய ஏண்டா மாத்தி மாட்டினீங்க?”

“உங்களுக்கு இன்னாங்க வந்துச்சு? தொடாதீங்கன்னு சொன்னாரு பாய்.”

“இது தப்பு. நாளைக்கு நாலு பேரு பாத்துட்டு இதுதான் ரைட்டுன்னு நெனப்பான்.”

கயிற்றைத் தாண்டிப் போய்ப் பட்டையைக் கழற்றினார். திருத்தி மாட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாக, சும்மா அளவு பார்ப்பது போல, தன் இடது தோளில் போட்டுக்கொண்டார். பித்தளை வில்லை இடுப்பில் வந்து இழைந்து உட்கார்ந்தது. நான்கு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த தொப்பை ஒரு நிமிஷத்தில் உள்ளே போய்விட்டது. பத்து வயது, கூடச் சொன்னால் பதினைந்து வயது குறைந்துவிட்டது.

“எப்டி இருக்குது?”

“கலியாணத்தன்னிக்கு இப்டி நின்னிருந்தா நான் தலையாவது நிமிந்து பாத்திருப்பேன்” என்றாள் ஆண்டாள். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். “சீக்கிரம் கழட்டிட்டு வாங்க. பசிக்குது.”

கழற்றுகிற ஆளா அவர்? கண் ரிஜிஸ்தருக்குப் போனது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நாலாம் வருஷத்தில் ஒரு நாளின் விசாரணைப் பட்டியல் திறந்திருந்தது. சாய்ந்த தமிழ் எழுத்து. பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் அபராதமோ ஜெயிலோ எழுதியிருந்தது. பட்டியலைக் கண்ட டவாலி வாயை மூடிக்கொண்டு இருப்பது நடக்கிற காரியமா?

விதிப்படி தகப்பன் பெயரையோ புருஷன் பெயரையோ சேர்த்து, முழுசாகத்தான் கூப்பிட வேண்டும். நடராசன் சர்வீஸ் முழுக்க அதை விட்டுவிடுவார். மூச்சு மிச்சம். அதோடு இன்னொரு பழக்கமும் உண்டு. வாய் கூப்பிடும், மனசு வேறு எங்காவது இருக்கும். தன் சொந்தத் தம்பியின் பெயரைக் கூப்பிட்டு, அவன் வந்து நின்ற பிறகு “நீ எங்கடா இங்க?” என்று கேட்டவர்.

“முருகையன்… முருகையன்… முருகையன்!”

கட்டடம் அதிர்ந்தது. நான்கு வருஷமாக அடைந்து கிடந்த குரல் மோட்டில் முட்டி, சுவர் சுவராக உருண்டு, வாசல் வழியாக உப்பளத்துக்குள் இறங்கிப் போனது. முன் பெஞ்சு ஒரு தரம் முனகியது. வெயிலுக்கு மரம் விடும் சத்தம் என்று நினைத்தார்.

“விருத்தாம்பாள்… விருத்தாம்பாள்… விருத்தாம்பாள்!”

இரண்டாவது பெஞ்சு முனகியது. ஈரச் சேற்று வாடை வந்தது.

“லூர்துமேரி… லூர்துமேரி… லூர்துமேரி!”

மோட்டில் பங்கா லேசாக அசைந்தது. காற்று என்று நினைத்தார். குரல் பதப்பட்டுவிட்ட சந்தோஷத்தில் அவருக்கு உலகமே காற்றாகத்தான் தெரிந்தது. வாய் அடுத்த பெயருக்கு நகர்ந்தது. மனசு மரக்காணம் பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸுக்கு நகர்ந்து, வஞ்சிரமா கெழுத்தியா என்று யோசிக்கத் தொடங்கியது.

“ஆண்டாள்… ஆண்டாள்…”

“இருக்கேங்க!”

நடராசன் திரும்பினார். கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்து ஆண்டாள் வந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அவர் பார்த்ததே இல்லை. முப்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷன் வாயால் தன் பெயர், அதுவும் நாலு ஊருக்குக் கேட்கிற மாதிரி. புதுப்பெண் போல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராக நடந்து, கூண்டின் கதவைத் தள்ளி, உள்ளே ஏறி நின்றாள். கதவு அவள் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

“அடி, நீ ஏன் அங்க போன? வெளிய வா.”

அவள் அவரைப் பார்க்கவில்லை. துரையின் நாற்காலியைப் பார்த்துக் கை கூப்பினாள். மலர்ச்சி முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து போயிற்று.

பச்சை மெத்தை, யாரோ உட்கார்ந்தது போல, அரையடி அழுந்தியது.

“ஆமாங்க” என்றாள் ஆண்டாள். யாரோ ஏதோ கேட்பதற்கு இடம் விட்டாள். “நான்தாங்க ஆண்டாள்.”

நடராசனுக்கு எதிர்க்குரல் ஒன்றும் கேட்கவில்லை. போனில் பேசுபவள் பக்கத்தில் நிற்பது போல இவள் பதில்கள் மட்டும் கேட்டன.

“கழுவெளி ஏரி ஓரத்துலங்க. தானா பூத்துக் கெடந்துச்சு சாமி. ஒரு மொறம்தான் வழிச்சேன்… விக்கறதுக்கு இல்லீங்க, கஞ்சிக்கு.”

செஞ்சி மலையடிவாரத்தில் பிறந்தவள் அவள். உப்பென்றால் பாக்கெட்டில் வருவது என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. நடராசனின் முதுகில் ஒரு எறும்புப் படையே ஊர்ந்தது. கண் ரிஜிஸ்தரில் கடைசிப் பெயருக்கு ஓடியது. ஆண்டாள் என்று இருந்தது. பெண்சாதி என்றும் இருந்தது. யார் பெண்சாதி என்கிற இடத்தை உப்பு அரித்துத் தின்றிருந்தது. எதிரே சிவப்பு மை இல்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் தீர்ப்பு இல்லை. நூற்று முப்பது வருஷமாக அந்த வரி யாராவது “இருக்கேன்” என்று சொல்வார்களா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

“அன்னிக்குக் கூப்ட்டது காதுல வுழுந்துச்சுங்க” என்றாள் கூண்டில் நின்றவள். “பச்சப் புள்ள பால் குடிச்சிக்கினு இருந்துச்சு. அதான் வரல. இப்ப வந்துட்டேன்.”

அப்போதுதான் அவர் அவள் கால்களைப் பார்த்தார். பாதம் வெள்ளையாக இருந்தது. விரலிடுக்கில் பூத்த உப்பு கணுக்காலுக்கு ஏறி, பூனம் புடவையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பார்க்கப் பார்க்க முழங்காலை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஓடிப் போய்க் கதவை இழுத்தார். தேக்குக் கதவு, இடுப்புயரம்தான், யானை கட்டி இழுத்தாலும் வராது போல நின்றது. எட்டி அவள் கையைப் பிடித்தார். நனைந்த உப்பு மூட்டையைத் தொட்டது போல நறநறவென்று குளிர்ந்தது.

“இந்தா! இந்தாடி! நான்தாண்டி! வூட்டுக்குப் போலாம் வா!”

அவள் திரும்பவில்லை. இந்தா என்று அந்தக் கோர்ட்டில் யாரும் கிடையாது. அங்கே பெயருக்குத்தான் காது.

“ஆறு வாரமுங்களா?” என்றாள் நாற்காலியிடம். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “சரிங்க. புள்ளயயும் கூட வெச்சிக்கலாமுங்களா?”

கிளார்க்கு மேஜையில் யாரும் இல்லாமலே பேனா கீறும் சத்தம். உப்பு இடுப்புக்கு வந்துவிட்டது. பெஞ்சுகளில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, நெருக்கியடித்துக்கொண்டு, கழுவெளி முழுக்க இருந்த ஜனம்.

எழுதி முடித்துவிட்டால் போயிற்று என்று நடராசனுக்குத் தெரியும். ஆனால் இன்னும் முடியவில்லை. அவர் இரண்டு தரம்தான் கூப்பிட்டிருக்கிறார். மூன்றாவது கூப்பாடு பாக்கி. அது இல்லாமல் எந்தக் கோர்ட்டிலும் ஆஜர் செல்லாது. பேனாவும் அதற்காகத்தான் நடுவில் நின்று நின்று கீறுகிறது. கூப்பிடாமல் இருந்துவிடலாமா? அப்படியானால் ஆயுசுக்கும் அவள் இங்கேயே நிற்பாள். கூப்பிட்டால் அந்த ஆண்டாளாகவே ஆகிவிடுவாள்.

சர்வீஸில் ஒரு தரம் அவர் வெறும் ‘கலியமூர்த்தி’ என்று கூப்பிட, தப்பான கலியமூர்த்தி கூண்டில் ஏறி, அடுத்தவன் திருடிய ஆட்டுக்கு அபராதம் வாங்கிக்கொண்டான். “தகப்பன் பேரோட கூப்பிட்டிருந்தா இவன் ஏறியிருப்பானாய்யா?” என்று நீதிபதி ஐயா அன்றைக்குக் கிழித்த கிழி!

ஆனால் ரிஜிஸ்தரில் அந்தப் புருஷன் பெயர் இல்லை. உப்பு தின்றுவிட்டது. லிஸ்டில் இல்லாத சொல்லை ஒரு டவாலி கூப்பிடுவது கோர்ட்டை ஏமாற்றுவது. முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் தூங்கியிருக்கிறார், பெயரை விழுங்கியிருக்கிறார், ஒரு தரம் வெற்றிலையோடு கூப்பிட்டிருக்கிறார். லிஸ்டில் இல்லாததை மட்டும் கூப்பிட்டதே இல்லை.

உப்பு அவள் மார்புக்கு ஏறியது.

நடராசன் பட்டையைச் சரி செய்துகொண்டு, வாசற்படியில் போய் நின்று, அடிவயிற்றிலிருந்து இழுத்தார்.

“நடராசன் பெண்சாதி… ஆண்டாள்!”

அந்தக் கூப்பாட்டில் ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது. உப்பு அம்பாரங்களில் ஒன்று சரிந்தது. பேனா நின்றது.

ரிஜிஸ்தரின் தாள்கள் புரண்டன. ஒன்று, இரண்டு, அப்புறம் கடகடவென்று. யாரோ விரலை எச்சில் தொட்டுத் தொட்டு நடராசன் பெண்சாதியை வருஷம் வருஷமாகத் தேடினார்கள். கடைசித் தாள் வரைக்கும் போய், மறுபடி முதலிலிருந்து. அந்தப் புத்தகத்தில் அப்படி ஒருத்தி இல்லை. நாற்காலியில் மெத்தை மெல்ல எழும்பியது. கூண்டின் கதவு ‘க்ளிக்’ என்று தானாக விட்டுக்கொண்டது.

ஆண்டாள் மேலிருந்த உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் தும்மினாள்.

“ஏங்க, காலு மரத்துப் போச்சு. நான் எப்போ இதுல வந்து ஏறினேன்?”

“அப்புறம் சொல்றேன். நட.”

“பேரச் சொல்லிக் கூப்ட்டீங்க இல்ல?”

“நடடி!”

அவளைத் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். படியில் ஒரு கால் வைத்திருப்பார். உள்ளேயிருந்து கேட்டது.

“நடராசன்!”

அவருடைய குரலேதான். அறுபத்து நான்கு வயசுக் குரல் இல்லை. முப்பது வயசில் இருந்த, காக்கையைப் பறக்கவைத்த, பளிங்குக் குரல். அந்தக் கோர்ட்டில் வாய்விட்டுச் சொன்ன பெயரைப் பதியாமல் விடமாட்டார்கள். பதிந்ததைக் கூப்பிடாமலும் விடமாட்டார்கள். குற்றம் என்ன என்று அவருக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

“நடராசன்!”

ஓடியிருக்கலாம். ஆனால் கோர்ட்டுக் கூப்பாட்டுக்கு முப்பத்து நான்கு வருஷம் பழகின உடம்பு அது. கால் தானாகத் திரும்பியது. செருப்பின் விளிம்பில் வெள்ளையாய்ப் பூத்தது. வாய் தானாகத் திறந்து, “இரு…” வரைக்கும் வந்துவிட்டது.

ஆண்டாள் அவர் வாயைப் பொத்தினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

“அவரு இல்லீங்க!” என்று கத்தினாள்.

பேனா கீறவில்லை. அவரு என்று அங்கே யாரும் கிடையாது. மூன்றாவது கூப்பாட்டுக்கு மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மூச்சில் வராந்தாத் தூசியெல்லாம் வாசலைப் பார்க்க ஓடியது.

ஆண்டாள் தாலியை எடுத்து ரவிக்கைக்குள் போட்டு மறைத்தாள். முந்தானையால் நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தாள். ஒரு அடி முன்னே வைத்து, புருஷனுக்கு எந்த விதத்திலும் குறையாத தொண்டையில் போட்டாள்.

“நடராசன் செத்துட்டாருங்க! நடராசன் பெண்சாதி சொல்றேன்! போன ஆடியில போயிட்டாரு! கருமாதி முடிஞ்சு ஒம்போது மாசம் ஆச்சு! செத்தவன எப்டிங்க கூப்புடுவீங்க?”

இழுத்த மூச்சு அப்படியே நின்றது. செத்தவன் மேல் எந்தக் கோர்ட்டிலும் கேஸ் நிற்காது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம். துரைக்கே தெரியும். பேனா ஒரு கோடு கிழித்தது. புத்தகம் மூடும் சத்தம் கேட்டது.

வெயில் பழையபடி அடித்தது. எதிரே நூர் முஹம்மது தொப்பியை மடித்துப் பாக்கெட்டில் வைத்தபடி வந்துகொண்டிருந்தார்.

“பாத்தாச்சாம்மா? சார் எங்க?”

நடராசன் அவருக்கு எதிரே ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தார். சிவப்புப் பட்டையோடு.

“பாய், இங்கதான் இருக்கேன்” என்றார். நூர் முஹம்மது அவரை ஊடுருவி உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார் பங்களாவுக்குப் போயிட்டாரா? இல்லம்மா, இங்கேர்ந்தே தெரியுது, டவாலி பொம்ம மேல பட்டையக் காணோம், அதான் கேக்கறேன்.”

ஆண்டாளின் முகம் வெளுத்தது. பொட்டில்லாத நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, பழக்கமில்லாத பலகாரத்தை மெல்லுவது போல, சொன்னாள்.

“நடராசன்… இங்கதான் இருக்காரு பாய். பாருங்க.”

“அட! இங்கதான் இருக்கீங்களா? வெயில்ல கண்ணே தெரியல சார்” என்று சிரித்துவிட்டுப் பட்டையை வாங்கிக்கொண்டு போனார் நூர் முஹம்மது. மறுபடி வலது தோளில்தான் மாட்டினார். நடராசன் பார்த்தும் பார்க்காதது போல நடையைக் கட்டினார்.

அன்றிலிருந்து இப்படித்தான். பஸ்ஸில் கண்டக்டர் அவருக்கு டிக்கெட் கொடுப்பதில்லை, மடியில் ஆட்கள் வந்து உட்காருகிறார்கள். தெரு நாய் குரைப்பதில்லை. பென்ஷனுக்கு உயிரோடிருக்கும் சான்று வாங்கப் போனபோது கம்ப்யூட்டர் சென்டர் பெண் கீதாஞ்சலி பத்து விரலையும் வைத்துப் பார்த்து, “ரேகையே வுழல சார், கண்ணக் காட்டுங்க” என்றாள். கண்ணும் விழவில்லை. பக்கத்தில் நின்ற ஆண்டாள், “நடராசன்தாம்மா இவரு. உசுரோட இருக்காரு” என்றதும் மெஷின் டிங் என்றது. “இது வாய்ஸ்லயும் எடுக்குதா?” என்று அந்தப் பெண் மெஷினைத் தூக்கிப் பார்த்தாள்.

விடிந்ததும் ஆண்டாள் ஒரு தரம் பெயர் சொல்லுவாள். மத்தியானம் ஒரு தரம். வெளியே போனால் தெருவுக்கு ஒரு தரம். அக்கம்பக்கத்தில், “இந்த வயசுல பேரு சொல்லிக் கொஞ்சறாங்கப்பா” என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நடராசன் இப்போது அவள் தொண்டையைக் கண்ணாடிச் சாமான் போலக் காத்துவருகிறார். ஐஸ்கிரீம் கூடாது. மழையில் நனையக் கூடாது. எதிர்வீட்டுக்காரியோடு சண்டை போடுவதானால் சைகையில் போட வேண்டும்.

அப்படிக் காத்தும், போன கார்த்திகை மழையில் அவளுக்கு ஜலதோஷம் பிடித்துத் தொண்டை கட்டிவிட்டது. காலையில் எழுந்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இரண்டாவது தரம் முயன்றதில் “நட…” வரைக்கும் வந்தது. பால் ஊற்ற வந்த அமராவதி வாசலில் சொம்பைப் போட்டுவிட்டு ஓடினாள். தெருமுனை அய்யர் கடை வரைக்கும் ஓடியே போய், அந்த வீட்டில் சட்டை போட்ட அரை ஆள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு அடுப்பு ஊதுகிறது, இடுப்புக்குக் கீழே ஆளே இல்லை என்று சத்தியம் பண்ணினாளாம்.

நடராசன் மிளகைத் தட்டிப் போட்டு, மஞ்சள் சேர்த்து, பனங்கற்கண்டு கரையும் வரை பாலைக் கிண்டினார். டம்ளரை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார். ஆண்டாள் எழுந்து உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள்.

“மெதுவா. சூடு தொண்டைல எறங்கட்டும்” என்றார். “அவசரமே இல்ல.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அவர் கதவு நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தன் கால்கள் இருக்க வேண்டிய தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.